லேசரில் அச்சாகும் எஃகு: எங்கள் பட்டறைக்கு வரும் கேள்விகளும் பதில்களும்

கோவையில் உலோக 3டி பிரிண்டிங் மெஷின் ஒன்றை ஓட்டும் சின்னப் பட்டறை எங்களுடையது. பம்ப் செய்பவர்கள், மோல்டு செய்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று தினமும் யாராவது போன் செய்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதிவைத்திருக்கிறேன். எல்லாமே எஃகைப் பற்றியது. டைட்டானியம், அலுமினியம் கதை வேறு.

லேசர் எப்படி எஃகை அச்சிடுகிறது?

மாவு போன்ற எஃகுப் பவுடரைத் தடிமனான ஒரு உலோகப் பிளேட்டின் மேல் மெல்லிய படலமாகப் பரப்புகிறோம். படலத்தின் தடிமன் 20 முதல் 60 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. பாகத்தின் அந்த மட்டத்து வடிவம் எதுவோ, அந்த இடத்தை மட்டும் லேசர் உருக்கிக்கொண்டே போகும். பிறகு பிளேட் ஒரு படலம் கீழே இறங்கும், மேலே மறுபடி பவுடர், மறுபடி லேசர். கடைசியில் பவுடர் குவியலுக்குள் பாகம் புதைந்திருக்கும். புட்டு மாவுக்குள் தேங்காய்ச் சில்லைத் தேடுவதைப் போல பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி வெளியே எடுப்போம்.

வெல்டிங் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சுமார் 0.1 மி.மீ. அகலத்தில், கிலோமீட்டர் கணக்கில் போடும் வெல்டிங் இது. வெல்டிங்கில் என்னென்ன தொல்லை உண்டோ, வளைவது, விரிசல் விடுவது, உள்ளே ஓட்டை விழுவது, எல்லாம் இங்கேயும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இது புதிதாக வந்ததா?

இல்லை. பவுடரை லேசரால் ஒட்டவைக்கும் யோசனை 1980களில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கார்ல் டெக்கார்டுடையது. அது முதலில் பிளாஸ்டிக்கில் ஓடியது. உலோகப் பவுடரை முழுதாக உருக்கிச் சேர்க்கும் முறையை 1990களின் நடுவில் ஜெர்மனியின் ஆஹன் நகரில் ஃப்ரௌன்ஹோஃபர் லேசர் ஆய்வகத்தார் உருவாக்கினார்கள். இப்போதுதான் நம் ஊர்ப் பட்டறை வரைக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லேத்தில் செய்யும் பாகத்தை இதில் செய்து தருவீர்களா?

செய்து தரலாம். ஆனால் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு புஷ், ஒரு ஃபிளாஞ்ச், ஒரு ஷாஃப்ட்: லேத்தில் அரை மணி நேர வேலை. எங்களிடம் வந்தால் பல மடங்கு விலை. அப்புறமும் அளவுக்குக் கொண்டுவர அதே லேத்துக்குத்தான் போக வேண்டும்.

நான் கேட்கும் முதல் கேள்வி: "பாகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது?" வளைந்து போகும் தண்ணீர் வழி, உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு, பத்து துண்டுகளை வெல்டு செய்து சேர்த்த ஒரு அசெம்பிளி என்று உள்ளே ஏதாவது சங்கதி இருந்தால் உட்கார்ந்து பேசலாம். வெளியே மட்டும் அழகாக இருக்க வேண்டும் என்றால் விஎம்சி மில்லிங் மெஷின் இருக்கிறது, காஸ்டிங் இருக்கிறது. வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிறானே என்று எங்கள் கணக்கருக்கு என் மேல் வருத்தம்தான்.

எந்தெந்த எஃகை அச்சிடலாம்?

அதிகம் ஓடுவது மூன்று.

முதலாவது 316எல் ஸ்டெயின்லெஸ். சாதுவான எஃகு, விரிசல் விடாது, வெல்டிங்குக்கு நன்றாக ஒத்துழைக்கும். முதல் முறை அச்சிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது மரேஜிங் எஃகு, ஜெர்மன் எண் 1.2709. ஏறத்தாழ 18 சதவீதம் நிக்கல், 9 சதவீதம் கோபால்ட், 5 சதவீதம் மாலிப்டினம், கொஞ்சம் டைட்டானியம். கார்பன் 0.03 சதவீதத்துக்குள். விஷயமே அந்தக் கார்பனில்தான் இருக்கிறது. கார்பன் இல்லாததால், சட்டென்று குளிர்ந்தாலும் மென்மையான மார்டென்சைட்தான் (எஃகு வேகமாகக் குளிரும்போது உருவாகும் படிக அமைப்பு) வரும், விரிசல் வராது. மெஷினிலிருந்து வரும்போது கடினம் 35 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) அளவில் இருக்கும், துளை போடலாம், மில்லிங் செய்யலாம். பிறகு 490 டிகிரியில் 6 மணி நேரம் அடுப்பில் வைத்தால் 50 எச்ஆர்சிக்கு மேல் ஏறிவிடும்; இதற்கு ஏஜிங் என்று பெயர். தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்க வேண்டியதில்லை என்பதால் வளைவும் மிகக் குறைவு. மோல்டுக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

மூன்றாவது 17-4 பிஎச். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பவுடர் செய்யும்போது உருகிய எஃகின் மேல் வாயுவைப் பீய்ச்சி அதைத் துளிகளாகச் சிதறடிப்பார்கள். அந்த வாயு ஆர்கானா, நைட்ரஜனா என்று பாருங்கள். நைட்ரஜன் பவுடரில் அச்சிட்டால் உள்ளே ஆஸ்டெனைட் (காந்தம் ஒட்டாத, மென்மையான இன்னொரு படிக அமைப்பு) கணிசமாகத் தங்கிவிடும். நேரடியாக 482 டிகிரியில் ஏஜிங் செய்தால் எதிர்பார்த்த கடினம் வராது. முதலில் 1040 டிகிரிக்குப் போய் வந்து, அப்புறம்தான் ஏஜிங். எங்களிடம் ஒரு எளிய சோதனை உண்டு: மெஷினிலிருந்து வந்த துண்டில் காந்தத்தை வைப்போம். 'டக்'கென்று ஒட்டினால் மார்டென்சைட். சோம்பேறித்தனமாக ஒட்டினால் சான்றிதழை எடுத்து எந்த வாயு என்று பார்ப்போம்.

எச்13, டி2 என்று டூல் ஸ்டீல் வகைகளைக் கேட்பவர்களுக்கு: எச்13-இல் கார்பன் 0.4 சதவீதம், டி2-இல் 1.5 சதவீதம். ஒவ்வொரு வரியும் உருகி உறையும்போது கடினமான, நொறுங்கும் மார்டென்சைட் உருவாகி 'டிங்' என்று விரிசல் விடும். பிளேட்டைப் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கி வைக்கும் மெஷின்களில் எச்13 ஓட்டுகிறார்கள். டி2 என்னிடம் கேட்காதீர்கள்.

மைல்டு ஸ்டீல்? எதற்கு?

வலிமை எப்படி? காஸ்டிங் மாதிரி இருக்குமா?

காஸ்டிங்கை விட மேல். சில விஷயங்களில் உருட்டிய கம்பியையும் மிஞ்சும். கம்பியாக வாங்கும் 316எல்லுக்குத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச ஈல்டு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம்) 170 மெகாபாஸ்கல். அச்சிட்டதில் 450-ஐத் தாண்டுவது சாதாரணம்.

காரணம் குளிரும் வேகம். உருகிய குட்டை அத்தனை சின்னது என்பதால் நொடிக்கு லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் குளிர்கிறது. அந்த வேகத்தில் படிகங்களுக்குள்ளேயே ஒரு மைக்ரானுக்கும் குறைவான கண்ணறைகள் உருவாகி, உலோகம் நழுவாதபடி தடுக்கின்றன. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார் உள்ளிட்ட குழு ஒன்று வலிமை கூடியும் 316எல்லின் இழுபடும் தன்மை குறையவில்லை என்று காட்டியது. நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் 2018-இல் வந்தது.

இரண்டு எச்சரிக்கை. மிக அதிக வெப்பத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்தால் அந்தக் கண்ணறைகள் கரைந்து வலிமை சாதாரண அளவை நோக்கி இறங்கும். இன்னொன்று, நேராக இழுக்கும் சோதனையில் ஜெயிப்பது வேறு, லட்சக்கணக்கான முறை ஆடும் சுமையைத் தாங்குவது வேறு. களைப்பு முறிவு சொரசொரப்பான மேல்தோலிலிருந்தும், தோலுக்கு அருகே உள்ள சிறு ஓட்டையிலிருந்தும்தான் தொடங்கும். ஆடும் பாகம் என்றால் மேல்தோலை மெஷினிங் செய்தே ஆக வேண்டும்.

ஏன் சப்போர்ட் வைக்கிறீர்கள்? பவுடரே தாங்காதா?

பிளாஸ்டிக் பவுடரில் தாங்கும். எஃகில் சப்போர்ட்டின் வேலை தாங்குவதை விட, பிடித்து இழுத்து வைப்பது. புதிதாக உருகிய மேல் படலம் குளிரும்போது சுருங்கப் பார்க்கும். கீழே உள்ளது விடாது. இப்படி ஆயிரம் படலங்கள். மொத்த இறுக்கமும் பாகத்துக்குள் தேங்கி நிற்கும். அதோடு, சூட்டைக் கீழே கடத்துவதும் சப்போர்ட்தான்.

ஆரம்பத்தில் நாங்கள் பட்டது ஒன்று. 120 மி.மீ. நீளத்தில் ஒரு பிராக்கெட். வாடிக்கையாளருக்கு அவசரம். அடுப்பில் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங்கைத் தவிர்த்துவிட்டு, பிளேட்டிலிருந்து கம்பியால் அறுக்கும் வயர் கட்டுக்கு நேராக அனுப்பினோம். கம்பி பாதி தூரம் போவதற்குள் அறுபட்ட முனை பிளேட்டை விட்டு மேலே எழும்ப ஆரம்பித்தது. முக்கால் தூரத்தில் கம்பி மாட்டி அறுந்தது. கையில் வந்தபோது அது பிராக்கெட் இல்லை, எண்ணெயில் போட்ட அப்பளம். அன்றிலிருந்து எவ்வளவு அவசரமானாலும் பாகம் பிளேட்டோடு சேர்ந்தே அடுப்புக்குப் போகும், பிறகுதான் அறுப்பு.

வடிவமைக்கும்போது கவனிக்க: கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் நிமிர்ந்திருக்கும் சரிவுகள் சப்போர்ட் இல்லாமலே நிற்கும். அதைவிடப் படுத்தால் சப்போர்ட், அதை உடைக்கும் கூலி, உடைத்த இடத்தில் வடு, மூன்றும் உங்கள் பில்லில் வரும்.

ஒரு ஸ்டெயின்லெஸ் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்). எவ்வளவு நேரம் ஆகும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். எடை 1 கிலோ, உயரம் 60 மி.மீ. என்று வையுங்கள். எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறக்குறைய 8 கிராம் என்பதால் கன அளவு 125 கன செ.மீ.

லேசர் நொடிக்கு 800 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது, வரிக்கு வரி இடைவெளி 0.1 மி.மீ.; படலம் 0.04 மி.மீ. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 3.2 கன மி.மீ. அப்படியானால் 125 கன செ.மீ.க்கு ஏறக்குறைய 11 மணி நேரம். 60 மி.மீ. உயரத்துக்கு 1500 படலங்கள். ஒவ்வொரு முறை பவுடர் பரப்ப 10 நொடி என்றால் இன்னொரு 4 மணி நேரம். சப்போர்ட்டைச் சேர்க்காமலே 15 மணி. ஒரே லேசர் உள்ள மெஷினின் கணக்கு இது. லேசர் இரண்டு, நான்கு என்று கூடினால் அந்த 11 மணி குறையும். பவுடர் பரப்பும் 4 மணி அப்படியே நிற்கும். அதனால்தான் ஒரு இம்பெல்லரைத் தனியாக ஓட்டாமல் பிளேட்டில் இடம் உள்ள வரை நிரப்பி ஓட்டுவோம்: பரப்பும் நேரம் எல்லாப் பாகத்துக்கும் பொது. உங்கள் வேலை இரண்டு நாள் தாமதமானால் பெரும்பாலும் பிளேட் நிரம்பக் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். பேருந்து நிலையத்து ஷேர் ஆட்டோ மாதிரிதான்.

அப்புறம் குளிரவிடுவது, பவுடர் எடுப்பது, அடுப்பு, அறுப்பு, மெஷினிங். காலையில் ஃபைல் கொடுத்துவிட்டு மாலையில் பாகம் கேட்பவர்களுக்கு இதைவிட மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை.

லேசர் பவரைக் கூட்டினால் சீக்கிரம் முடியாதா?

ஒரு கன மி.மீ.க்கு எத்தனை ஜூல் கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. மேலே சொன்ன அமைப்பில் 200 வாட் லேசர் என்றால், 200-ஐ 3.2-ஆல் வகுத்தால் 62.5 ஜூல். பவர் குறைந்தாலோ வேகம் கூடினாலோ அடுத்தடுத்த வரிகள் சரியாக ஒட்டாமல், கோணல்மாணலான பள்ளங்கள் நடுவில் நிற்கும். பவர் கூடிப்போனால் லேசர் ஆழமாகக் குத்தி, உலோகம் ஆவியாகி, அடியில் உருண்டையான ஓட்டை மாட்டிக்கொள்ளும். வெட்டித் தேய்த்துப் பார்த்தால் ஓட்டையின் வடிவமே எந்தப் பக்கம் தவறினோம் என்று சொல்லிவிடும். ஆனால் ஜூல் எண் ஒன்றை மட்டும் நம்பவும் கூடாது; ஒரே எண்ணை மெதுவான லேசரிலும் எட்டலாம், வேகமான லேசரிலும் எட்டலாம், கிடைக்கும் உலோகம் ஒன்றாக இருக்காது.

மோல்டில் வளைந்த கூலிங் சேனல் வைக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எஃகு அச்சில் காசு மிச்சமாகும் இடம் எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். பிளாஸ்டிக் மோல்டில் சைக்கிள் நேரத்தின் பெரும்பங்கு, பொருள் குளிரக் காத்திருப்பது. துளைக்கருவி நேராகத்தான் போகும்; பொருளோ வளைந்திருக்கும். தண்ணீர் எட்டாத மூலையில் சூடு தேங்கி, அங்கேதான் பொருள் கோணலாகும். அச்சிட்ட இன்சர்ட்டில் (மோல்டுக்குள் பொருத்தும் துண்டு) சேனல் பொருளின் வளைவோடு கூடவே, ஒரே ஆழத்தில் போகும்.

முழு இன்சர்ட்டையும் அச்சிட வேண்டியதில்லை. அடிப்பகுதியைச் சாதாரண டூல் ஸ்டீலில் மில்லிங் செய்து, நேர் துளைகளும் போட்டு, அதையே பிளேட்டாக மெஷினில் பிடித்து, மேல்பாதியை மட்டும் மரேஜிங்கில் அச்சிடலாம். விலை கணிசமாக இறங்கும்.

சேனலின் விட்டம் 8, 10 மி.மீ.யைத் தாண்டினால் வட்டத்தின் கூரை தொங்க ஆரம்பிக்கும். அதனால் மேலே கூரான கண்ணீர்த்துளி வடிவம் கொடுப்போம்.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. ஒரு இன்சர்ட்டின் சேனலில் பவுடர் சரியாக வெளியேறவில்லை. தட்டிப் பார்த்துவிட்டு, போதும் என்று அடுப்பில் வைத்தோம். ஏஜிங் முடிந்து தண்ணீர் விட்டால் சொட்டுச் சொட்டாக வருகிறது. உள்ளே இருந்த பவுடர் சூட்டில் ஒன்றோடொன்று இறுகி அடைத்துக்கொண்டது. கம்பி விட்டோம், ஏர் அடித்தோம், ஒன்றும் நகரவில்லை. இன்சர்ட் இப்போது என் மேஜை மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. இப்போது அடுப்புக்கு முன் ஒவ்வொரு சேனலிலும் ஒரு முனையில் காற்றடித்து, மறுமுனையில் வெள்ளைத் துணியைப் பிடிப்போம். துணியில் கறுப்பு வராத வரை அடுப்பு கிடையாது.

ஃபினிஷ், அளவு எல்லாம்?

அச்சிட்டபடியே சொரசொரப்பு சுமார் 8 முதல் 15 மைக்ரான் ஆர்ஏ (மேடுபள்ளத்தின் சராசரி அளவு). மணல் காஸ்டிங்கை விட நயம், மெஷினிங்கை விட மோசம். அளவு 0.1 மி.மீ. முன்பின் இருக்கும். பேரிங் உட்காரும் இடம், ஓரிங் பள்ளம், மரை: இங்கெல்லாம் அரை மி.மீ. கூட விட்டு அச்சிட்டு மெஷினிங் செய்யுங்கள். எம்6, எம்8 மரையை மாடலில் வரைந்து அனுப்பாதீர்கள். துளை மட்டும் போதும், டேப் போட்டுக்கொள்ளலாம்.

மீந்த பவுடரை என்ன செய்வீர்கள்?

63 மைக்ரான் சல்லடையில் சலித்து மறுபடி பயன்படுத்துகிறோம். புதிய பவுடர் 15 முதல் 45 மைக்ரான். சலிப்பில் நிற்பது லேசர் தெறித்த கட்டிகள். மழைக்காலத்தில் பவுடர் ஈரம் பிடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, படலம் உழுத வயல் மாதிரி வரிவரியாக விழும். அதனால் ஜாடியைத் திறந்து வைப்பது எங்கள் பட்டறையில் பெரிய குற்றம். 50 கிராம் பவுடரைப் புனலில் ஊற்றி, அடியில் உள்ள 2.5 மி.மீ. துளை வழியே எத்தனை நொடியில் இறங்குகிறது என்று பார்ப்போம். பழைய கணக்கை விட நேரம் கூடினால் உலர்த்தும் அடுப்புக்கு.

ஆபத்தானதா?

கவனமாக இருந்தால் இல்லை. நிக்கல், கோபால்ட், குரோமியம் கலந்த நுண்தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது; முகக்கவசம், கையுறை கட்டாயம். மெஷினுக்குள் ஆக்சிஜனை 0.1 சதவீதத்துக்குக் கீழே வைக்க ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்புகிறோம். ஆர்கான் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும், வாசனையும் கிடையாது. ஆக்சிஜன் அலாரம் இல்லாத அறையில் இந்த மெஷினை வைக்க வேண்டாம்.

எஃகுப் பவுடரை விட எனக்குப் பயம் ஃபில்டரில்தான். லேசர் கிளப்பும் புகை அங்கே மையைப் போல் படிந்திருக்கும்; அது பவுடரை விடப் பல மடங்கு நுண்ணியது, காற்றுப் பட்டவுடன் கனன்று பிடிக்கலாம். ஃபில்டர் மாற்றும் நாளில் பட்டறையில் வேறு வேலை நடக்காது.

உள்ளே ஓட்டை இல்லை என்று எப்படி நம்புவது?

ஒரே பிளேட்டில் பாகத்தோடு சேர்த்து ஒரு சிறு கட்டையையும் இழுவைச் சோதனைக் கம்பிகளையும் அச்சிடுவோம். கட்டையை வெட்டி, பாலிஷ் செய்து, மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து அனுப்புவோம். 99.5 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட பாகம் என்றால் சிடி ஸ்கேன்; அழுத்தத்தோடு சுடும் ஹிப் அடுப்பும் உண்டு, அது உள்ளே மூடிய ஓட்டைகளை நசுக்கிவிடும். மேல்தோல் வரை திறந்த விரிசலை அது மூடாது.

ராக்கெட், அணு உலை வரைக்கும் போகிறதாமே?

போகிறது. 2024 மே 9 அன்று இஸ்ரோ, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட பிஎஸ்4 எஞ்சினை இதே லேசர் பவுடர் முறையில் செய்து, நம் மகேந்திரகிரியில் 665 நொடி எரித்துப் பார்த்தது. முன்பு 14 துண்டுகள். இப்போது ஒரே துண்டு. 19 வெல்டு இணைப்புகள் இல்லாமல் போயின. 565 கிலோ ஃபோர்ஜிங்கும் தகடும் கேட்ட இடத்தில் 13.7 கிலோ பவுடர். மேலே "உள்ளே என்ன இருக்கிறது" என்று கேட்டேனே, அதற்கு இதைவிட நல்ல பதில் இல்லை. அதே மாதக் கடைசியில் பறந்த சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் எஞ்சினும் ஒரே துண்டாக அச்சானதுதான். அது எஃகு இல்லை, இன்கோனல் என்ற நிக்கல் கலவை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் 2021-இல் எரிபொருள் கட்டைப் பிடித்து வைக்கும் 4 சிறு ஸ்டெயின்லெஸ் பாகங்கள் அச்சிட்டுப் பொருத்தப்பட்டன.

உடைந்த டையை இதில் பழுது பார்க்க முடியுமா?

எங்களுடையது போல பவுடரைப் படலமாகப் பரப்பும் பவுடர் பெட் மெஷினில் முடியாது; அதற்குத் தட்டையான தளம் வேண்டும். பவுடரை நாசில் வழியாகப் பீய்ச்சிக்கொண்டே லேசரால் உருக்கும் இன்னொரு முறை இருக்கிறது. தேய்ந்த ஷாஃப்ட், உடைந்த டை முனைக்கு அதுதான் சரி. வரி அகலம் மி.மீ. கணக்கில் இருப்பதால் நுணுக்கம் குறைவு, வேகம் அதிகம். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தில் இந்த வகை மெஷின்களையே உருவாக்கியிருக்கிறார்கள்.

உங்களிடம் வேலை கொடுக்க என்ன அனுப்ப வேண்டும்?

ஸ்டெப் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய 3டி மாடல். எஸ்டிஎல் மட்டும் அனுப்பினால் வளைவெல்லாம் முக்கோணங்களாக வரும், திருத்தவும் முடியாது. எந்த முகங்களுக்கு மெஷினிங், எந்தத் துளைக்கு அளவு முக்கியம் என்று ஒரு டிராயிங்கில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டால் போதும். எத்தனை பாகம் வேண்டும், எவ்வளவு சூடு, என்ன திரவம் படும், சுமை நிற்குமா ஆடுமா என்பதையும் எழுதுங்கள். பழைய பாகம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். தீப்பெட்டியை வைத்து எடுத்த படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.